ஊர் நினைவைக் காப்பது எப்படி: சிறிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குழுப் படம். மூன்று வரிசையில் பதினொரு பேர். நடுவில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் ஒரு கேடயம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் மங்கிப்போன ஸ்டூடியோ முத்திரை மட்டும். நான் காப்பக வேலைக்கு வந்த புதிதில் பிரித்த முதல் பெட்டியில் இந்தப் படம் இருந்தது. கிழிசல் இல்லை, கறை இல்லை. ஆனால் அவர்கள் யார், எந்த ஆண்டு, எதற்கு அந்தக் கேடயம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டு ஆண்டுகள் ‘அடையாளம் தெரியாத குழு’ என்ற தலைப்போடு உறைக்குள் கிடந்தது. பிறகு வேறு எதையோ தேடி வந்த ஒரு மூதாட்டி, மேசைமேல் இருந்த அந்தப் படத்தைத் தற்செயலாகப் பார்த்தார். முகம் முகமாக விரல் வைத்து எட்டுப் பெயர்களைச் சொன்னார். கேடயம் நாடகப் போட்டியில் கிடைத்தது என்றார். ஒன்பதாவது முகத்தில் விரல் நின்றது. பெயர் நினைவுக்கு வரவில்லை. ‘இவர்தான் எங்களுக்கெல்லாம் வசனம் சொல்லிக்கொடுத்தவர்’ என்று மட்டும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று காலையில் இருந்த அதே காகிதம்தான் மாலையிலும் இருந்தது. ஆனால் மாலையில்தான் அது ஆவணம் ஆயிற்று.

இந்த வழிகாட்டியில் பெட்டி, உறை, ஸ்கேனர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் வரும். அவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. பொருளைக் காப்பது பாதி வேலை. அதைப் பற்றித் தெரிந்ததை அதோடு ஒட்டவைத்துக் காப்பது மீதிப் பாதி. காகிதம் நூறு ஆண்டு காத்திருக்கும். பெயர் தெரிந்த மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

முதல் படி: எதை ஏற்போம், எதை ஏற்க மாட்டோம்

காப்பகம் தொடங்கும் உற்சாகத்தில் பலரும் முதலில் அலமாரி வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தப் பகுதி, எந்தக் காலம், எந்த மக்கள், எந்த வகை ஆவணம் என்பதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். கடிதம், கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பேடு, நிழற்படம், துண்டறிக்கை, ஒலிப்பதிவு ஆகியவை உண்டு. எங்கும் கிடைக்கும் அச்சு நூல்களும் பழைய தளவாடங்களும் இல்லை என்று தெளிவாக இருக்கட்டும். ஒருவர் தன் தந்தை சேர்த்த புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கும்போது மறுப்பது கடினம். இடமில்லாமல் வாங்கி மூலையில் அடுக்கிக் கரையானுக்குக் கொடுப்பது அதைவிடக் கொடுமை. நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ வழிகாட்டி அனுப்புங்கள்.

எழுதி முடித்தபின் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் யாருடைய வாழ்க்கை இல்லை? தானாக வந்துசேரும் ஆவணங்கள் பெரும்பாலும் எழுதப் படித்தவர்களுடையவை, சொத்து இருந்தவர்களுடையவை, சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களுடையவை. கூலி வேலை செய்தவர்களும் வீட்டுக்குள்ளேயே உழைத்த பெண்களும் இடம்பெயர்ந்து வந்தவர்களும் பெட்டி நிறையக் காகிதம் வைத்திருப்பதில்லை. அவர்களிடம் நாம்தான் போக வேண்டும். எப்படிப் போவது என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பெட்டி கைமாறும் அந்த ஒரு மணி நேரம்

காப்பக வேலையில் திரும்பக் கிடைக்காத நேரம் இதுதான். கொடுப்பவர் நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி திறந்திருக்கிறது. இப்போது கேட்காததைப் பிறகு கேட்க ஆள் இருப்பாரா என்று தெரியாது. நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, ‘சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பெட்டியை மூடாதீர்கள்.

கேட்க வேண்டியவை எளியவை. இது யாருடையது? உங்களிடம் எப்படி வந்தது? வீட்டில் எங்கே இருந்தது? இந்தக் கட்டுகளைக் கட்டியது யார்? இந்தப் படத்தில் உங்களுக்குத் தெரிந்த முகம் உண்டா? இதைப் பற்றி இன்னும் அதிகம் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா? கடைசிக் கேள்வி பல கதவுகளைத் திறக்கும். அவர் அனுமதித்தால் இந்த உரையாடலைக் கைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது நன்கொடைப் படிவம். இரண்டு பக்கம் போதும். கொடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா, இது முழு நன்கொடையா, பதிப்புரிமை அவரிடம் இருந்தால் அதையும் தருகிறாரா, எந்தப் பகுதியையாவது சில ஆண்டுகளுக்கு மூடிவைக்க வேண்டுமா, நாங்கள் வைத்துக்கொள்ளாத பொருள்களை என்ன செய்வது ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு பிரதியில் கையெழுத்து, ஒன்று அவருக்கு. ‘வைத்திருங்கள், கேட்கும்போது கொடுங்கள்’ என்ற வாய்ப்பேச்சு ஏற்பாட்டை ஏற்காதீர்கள். அப்படி வாங்கிய ஒரு பெட்டிக்காக, கொடுத்தவர் மறைந்தபின், அவருடைய பிள்ளைகள் இருவர் தனித்தனியே வந்து உரிமை கோரினார்கள். இருவர் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. எங்களிடம்தான் காகிதம் இல்லை.

மூலத்தைப் பிரிய மனமில்லாதவர்களை வற்புறுத்தவே கூடாது. அவர்களுக்காகத்தான் ஸ்கேன் நாள். ஒரு பொது இடத்தில் இரண்டு ஸ்கேனர்களையும் நாலு நாற்காலிகளையும் போட்டு, மக்கள் கொண்டுவரும் படங்களையும் கடிதங்களையும் அவர்கள் கண்முன்னே ஸ்கேன் செய்து, மூலத்தை உடனே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்கேனருக்கு ஓர் ஆள் என்றால் பேச்சு கேட்டு எழுத இரண்டு ஆள் வேண்டும். இந்த விகிதத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் நாள் முடிவில் ஆயிரம் படம் சேரும். ஒன்றிலும் பெயர் இருக்காது.

மூன்றாம் படி: வரவுப் பதிவேடு

வந்த அன்றே பதியுங்கள். வரவு எண், தேதி, கொடுத்தவர், சுருக்கமான விவரம், அளவு, எங்கே வைத்திருக்கிறோம் ஆகிய ஆறு பத்திகள் போதும். எண்ணை ஆண்டோடு சேர்த்து அமையுங்கள்: 2024/17 என்றால் அந்த ஆண்டின் பதினேழாவது வரவு. தைத்துக் கட்டிய பதிவேட்டில், நீரில் கரையாத மையில் எழுதுங்கள். கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். கொடுத்த எண்ணை எந்தக் காலத்திலும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

நான்காம் படி: கலைக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் பிரித்து அடுக்குவது. படங்கள் எல்லாம் ஒரு பெட்டி, கடிதங்கள் எல்லாம் ஒரு பெட்டி, ரசீதுகள் எல்லாம் ஒரு பெட்டி. பார்க்கச் சீராக இருக்கும். ஆனால் ஆவணங்கள் ஒன்றைப் பற்றி ஒன்று சொல்லிக்கொண்டிருந்ததை நாமே வெட்டிவிடுகிறோம்.

ஒரு தொழிலாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகம் எங்களிடம் வந்தது. ஒரு பக்கத்தில் அரிசிமணி அளவுக்குத் துருப்பிடித்த குண்டூசி; அதில் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. உதவித்தொகை பெற்றவர்களின் பெயர்கள் மட்டும். தனியாக எடுத்தால் அது வெறும் பெயர்ப் பட்டியல். அது இருந்த பக்கத்தில்தான் வேலைநிறுத்த மாதத்தின் செலவு எழுதப்பட்டிருந்தது. பக்கத்தோடு சேர்த்துப் படித்தால், அந்த மாதத்தில் எந்தெந்தக் குடும்பங்கள் வருமானமின்றி இருந்தன என்று தெரிகிறது. குண்டூசியைக் கழற்றினோம், துரு காகிதத்தை அரித்துவிடும் என்பதால். சீட்டை ஓர் உறையில் இட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று உறைமேல் எழுதி, புத்தகத்தோடு ஒரே பெட்டியில் வைத்தோம்.

ஒரே இடத்திலிருந்து வந்தவற்றை ஒரே தொகுப்பாக வை, பிறர் ஆவணங்களோடு கலக்காதே என்ற விதியை 1841இல் பிரான்சின் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையாகவே அனுப்பியது. உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையையும் மதிக்க வேண்டும் என்பதை நெதர்லாந்தின் ஆவணக் காப்பாளர்கள் மூவர் 1898இல் வெளியிட்ட கையேடு நிலைநாட்டியது. இன்றும் உலகெங்கும் காப்பகங்கள் நிற்பது இந்த இரண்டு தூண்களில்தான். பெட்டியில் எந்த வரிசையும் இல்லாமல் குப்பையாகக் கொட்டியிருந்தால் மட்டும் நாம் ஒரு வரிசையை ஏற்படுத்தலாம். அப்படிச் செய்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். தொடுவதற்கு முன் பெட்டியைத் திறந்தபடியே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அழிவு எங்கிருந்து வருகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காகிதத்தை மரக்கூழில் செய்யத் தொடங்கினார்கள். மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காலப்போக்கில் அமிலமாகிக் காகித இழைகளை உள்ளிருந்தே அறுக்கிறது. செய்தித்தாளில் மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் அப்படியே இருப்பதால் வெயில் பட்டவுடன் பழுக்கிறது. இதனால்தான் துணிக்கந்தலில் செய்த முந்நூறு ஆண்டுக் காகிதம் வளைந்து கொடுக்க, எழுபது ஆண்டுச் செய்தித்தாள் தொட்டவுடன் நொறுங்குகிறது. அமிலம் பக்கத்துக் காகிதத்துக்கும் பரவும். ஒரு கடிதத்தோடு செய்தித்தாள் நறுக்கு இருந்தால் இடையில் அமிலமற்ற தாள் ஒன்றை வையுங்கள். உறையும் பெட்டியும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும்.

படங்களுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி வேண்டாம், அது வெளியிடும் வாயு படத்தைக் கெடுக்கும். ஒட்டும் பக்கமும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தன. அந்தப் பசை படத்தை விடாது. பிய்த்து எடுக்க முயலாதீர்கள். பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். அடுத்தபடியாக, சுவையூட்டாத பல்நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே மெதுவாக ரம்பம்போல் இழுத்துப் பார்க்கலாம். வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

செலோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். இந்த இரண்டும் அக்கறையுள்ளவர்கள் செய்யும் சேதம் என்பதால் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. லேமினேஷன் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது. உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும். கிழிசலுக்கு நீண்ட இழைகள் கொண்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப்பசையும்தான் வழி. ஈரம் பட்டால் கழன்றுவிடும் பசை அது. பின்னால் வருபவர் நம் வேலையைப் பிரித்துத் திருத்த முடியவேண்டும் என்பதுதான் பாதுகாப்பு வேலையின் முதல் அறம்.

ஈரப்பதத்தை அளக்க ஒரு சிறிய கருவி வாங்குங்கள். எல்லாச் செலவுக்கும் முன் அது. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30 முதல் 50 வரை நல்லது. ஆனால் பகலில் குளிர்சாதனத்தை ஓட்டி இரவில் அணைத்து, ஈரப்பதத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது, சற்றுக் கூடுதலான ஆனால் நிலையான ஈரப்பதத்தைவிடக் கேடு. காகிதம் ஒவ்வொரு முறையும் உப்பிச் சுருங்குகிறது. அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கடைசித் தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். குழாய் போகும் சுவருக்கும் கழிவறைக்கும் கீழே எதையும் வைக்காதீர்கள்.

புதிதாக வரும் ஒவ்வொரு பெட்டியையும் தனி அறையில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே சேருங்கள். ராமபாணப் பூச்சியோ வண்டோ தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். காகிதக் கட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்தால் முட்டை உட்பட அழியும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காகிதத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி நெகட்டிவ், ஓவியம் போன்றவற்றுக்கு இந்த முறை ஆகாது.

பழைய பிலிம் சுருள் வந்தால் கவனம். 1950களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் தனியே, குளிர்ச்சியான காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துவிட்டு நிபுணரை அழையுங்கள். அதற்குப் பின் வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்த ஆவி அண்டை பிலிமையும் கெடுக்கும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. காகிதத்தைக் கழுவி உலர்ந்த வெறுங்கையால் தொடுவதே நல்லது. பருத்திக் கையுறையில் விரல் உணர்வு மழுங்கிப் பக்கம் கிழிகிறது. நிழற்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. எழுத வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலில், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். படம் கவிழ்ந்திருக்கும்போது அடியில் கடினமான, சுத்தமான பரப்பு இருக்க வேண்டும்.

இனி வெள்ளம். 1966 நவம்பர் 4 அன்று ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டு தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. உலகெங்குமிருந்து வந்த இளைஞர்கள் வரிசையில் நின்று சேற்றுப் புத்தகங்களைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். நூல் பாதுகாப்புக் கலையின் பல இன்றைய முறைகள் அந்தச் சேற்றில் பிறந்தவை. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். கொஞ்சம் என்றால் விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். அதிகம் என்றால் உடனே உறையவையுங்கள். உறைந்துவிட்டால் அவகாசம் கிடைக்கும், பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். உறைவிப்பான் வசதி உள்ள எந்தக் கிடங்கு உதவும், யாரிடம் சாவி, எந்தப் பெட்டியை முதலில் தூக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முதலில் தூக்க வேண்டியது வரவுப் பதிவேடு.

ஆறாம் படி: விவரிப்பு

தேடுபவர் கண்டுபிடிக்கும்படி ஒவ்வொரு தொகுப்பையும் பற்றி எழுதிவைப்பதே விவரிப்பு. சர்வதேச ஆவணக் காப்பக மன்றத்தின் விவரிப்புத் தரநிலை, இரண்டாம் பதிப்பில் 26 கூறுகளைக் கொண்டது. அவற்றுள் அவசியமானவை ஆறுதான்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, எந்த நிலை விவரிப்பு என்பது. நிலை என்றால் நாம் விவரிப்பது முழுத் தொகுப்பையா, அதில் ஒரே வகைக் கோப்புகளின் வரிசையையா, ஒரு கோப்பையா, ஒற்றைத் தாளையா என்பது. முதலில் எல்லாத் தொகுப்புகளுக்கும் தலா ஒரு பத்தி எழுதிவிடுங்கள். பிறகு ஆழமாகப் போகலாம். ஒரு தொகுப்பை ஒவ்வொரு தாளாக விவரித்து முடிப்பதற்குள் மற்ற முப்பது தொகுப்புகள் இருப்பதே வெளியே தெரியாமல் போய்விடும்.

தலைப்பில் ‘பழைய படம்’ என்று எழுதுவது விவரிப்பு அல்ல. ‘நாடகக் குழுவினர் பதினொருவர், போட்டிக் கேடயத்துடன்’ என்று எழுதினால் தேடுபவருக்குப் பிடி கிடைக்கும். ஆண்டு தெரியாவிட்டால் ‘சுமார் 1955’ என்றோ ‘1952க்கும் 1958க்கும் இடையில்’ என்றோ எழுதி, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். பெயர்களைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் விவரிப்பின் ஒரு பகுதியே. தமிழில் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுகிறோம். முதலெழுத்துகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி வருகின்றன. எனவே ஒரு பெயர்ப் பட்டியல் வைத்து, ஒருவருக்கு ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, மற்ற வடிவங்களை அதன்கீழ் எழுதுங்கள்.

பழைய ஆவணங்களில் மனிதர்களை இழிவுபடுத்தும் சொற்கள் வரும். மூலத்தில் உள்ளதை மேற்கோள் குறிக்குள் அப்படியே காட்டுங்கள். அழித்தால் அந்த அநீதி நடந்ததற்கான சாட்சியை அழிக்கிறோம். நம்முடைய விவரிப்பு வாக்கியத்தில் அந்தச் சொல் வரக் கூடாது. அந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அந்தப் பெயரே வரவேண்டும்.

ஏழாம் படி: மின்மயமாக்குதல்

காகித ஆவணங்களை 300 முதல் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) வரையிலும், சிறிய நிழற்படங்களை 600 டிபிஐயிலும், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். காத்து வைக்கும் மூலப்படி டிஃப் (TIFF) வடிவில். பார்வைக்கான படி ஜேபெக் (JPEG) வடிவில். மூலப்படியில் வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் கூடாது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். பெரும்பாலும் வரலாறு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

கேசட்டுகளை மற்ற எல்லாவற்றுக்கும் முன் எடுங்கள். நாடா கெடுவது ஒரு புறம். அதை ஓட்டும் கருவிகளும் பழுதுபார்ப்பவர்களும் மறைவது இன்னொரு புறம். 2025க்குள் மின்மயமாகாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் நிரந்தரமாக இழக்கப்படும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அந்தக் கெடு கடந்துவிட்டது. நல்ல நிலையில் ஒரு கருவி கையில் இருந்தால் இன்றே தொடங்குங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் தாவல்களையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. சேமிப்பது வேவ் (WAV) வடிவில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையாமல்; முடிந்தால் 96.

கோப்பின் பெயர் வரவு எண்ணில் தொடங்கட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகக் கட்டடம் அருகில் நடந்த சுரங்க ரயில் பணியால் சில நிமிடங்களில் இடிந்து விழுந்தது. ஆயிரம் ஆண்டு ஆவணங்கள் சேற்றில் புதைந்தன. உறுதியான கட்டடம் என்று நம்பி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தக் குழி காட்டியது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 (SHA-256) சரிபார்ப்புத் தொகையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி உருவாக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணை, கணக்கிட்டு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்பிடுங்கள். ஒரு பிட் மாறினாலும் தொகை மாறும். அப்போது நல்ல பிரதியிலிருந்து மீட்கலாம்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடின் 1991 முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தாலும், அதன்பின் பல ஆண்டுகள் எல்லாரும் ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்து மலர்க்குழுக்களும் சங்கங்களும் கொடுக்கும் கோப்புகளை இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். தமிழ் அங்கே இருக்கிறது, எழுத்துரு இல்லை. கொடுப்பவரிடம் எழுத்துருவின் பெயரைக் கேட்டு, அந்த எழுத்துருக் கோப்பையும் வாங்கி, எழுத்துரு மாற்றும் மென்பொருளால் யூனிகோடாக்கி, மூலக் கோப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

எட்டாம் படி: வாய்மொழி வரலாறு

ஒலிப்பதிவுக்குப் போகும் முன் ஒருமுறை சும்மா போய்ப் பேசிவிட்டு வாருங்கள். என்ன கேட்கப்போகிறோம், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ, எழுதத் தெரியாதவரானால் பதிவிலேயே வாய்மொழி ஒப்புதலோ பெறுங்கள். பேசி முடித்தபின் மனம் மாறலாம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயர். மின்விசிறியை அணையுங்கள், ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் வையுங்கள். ‘ஆமாம், இல்லை’ என்று முடியும் கேள்விகள் வேண்டாம். ‘வேலைக்குப் போன முதல் நாளைச் சொல்லுங்கள்’ என்றால் கதை தானே வரும். மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். பத்து விநாடி பொறுத்தால் அதற்குப் பின்தான் முக்கியமானது வரும். கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வதைப்போல் நினைவைத் திறக்கும் சாவி வேறில்லை. எழுத்தாக்கும்போது பேச்சுவழக்கைத் திருத்தி எழுத்து நடைக்கு மாற்றாதீர்கள். அவர் சொன்ன சொல்லே ஆவணம்.

ஒன்பதாம் படி: உரிமையும் காயமும்

படத்தை வைத்திருப்பவரும் பதிப்புரிமை உள்ளவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை; எடுத்த கலைஞருக்கோ அவர் வாரிசுக்கோ உரிமை இருக்கலாம். உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் காலத்தைப் பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உரிமை நிலையை எழுதுங்கள்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் வெளியிடத் தக்கதல்ல. மருத்துவக் குறிப்பு, தண்டனைப் பதிவு, தத்துக் கொடுத்த விவரம், உயிரோடு இருப்பவரைப் பற்றிய புகார்க் கடிதம் ஆகியவற்றை ஒரு காலக்கெடு வைத்து மூடுங்கள். சில அறிவு ஒரு சமூகத்துக்குள்ளேயே எல்லாருக்கும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வாழும் வருமுங்கு என்ற பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான முகுர்த்து என்ற கட்டற்ற மென்பொருள் இதைப் புரிந்துகொண்டது: யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே அதில் தீர்மானிக்கிறது. நீங்கள் அந்த மென்பொருளைப் பயன்படுத்தாவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டுங்கள். ஒருவர் வந்து ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்றால் முதலில் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பேசுங்கள்.

பத்தாம் படி: திருப்பிக் கொடுப்பது

ஆவணம் மக்களிடமிருந்து வந்தது, மக்களிடம் போகவேண்டும். இணையத்தில் வைக்க ஓமெகா (Omeka), ஆட்டம் (AtoM) போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பட்டியலை இணையத்தில் ஏற்றியதோடு பகிர்தல் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பெயர் தெரிந்த முதியவர்கள் பலர் அந்தப் பக்கத்துக்கு வரப்போவதில்லை. படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, பக்கத்தில் பென்சிலும் வெற்றுத் தாளும் வைத்து அவர்கள் கூடும் இடத்துக்கே கொண்டுபோங்கள். சர்வதேச ஆவணக் காப்பக மன்றம் 1948 ஜூன் 9 அன்று உருவானதன் நினைவாக அந்த நாளை உலகக் காப்பகங்கள் கொண்டாடுகின்றன. உங்கள் கதவையும் அன்று அகலத் திறந்துவைக்கலாம். பொருள் கொடுத்தவர்களை முதல் வரிசையில் உட்காரவையுங்கள்.

வாசிப்பு மேசையில் பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, தண்ணீர்ப் புட்டிக்குத் தனி இடம். இந்த மூன்று விதியும் போதும்.

ஒவ்வொரு மேசையிலும் திருத்தச் சீட்டுக் கட்டு ஒன்று இருக்கட்டும். ‘இவர் என் சித்தப்பா அல்ல, அவருடைய நண்பர்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பழைய குறிப்பை அழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, புதியதைக் கீழே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேருங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அந்த நாடகக் குழுப் படத்தின் உறைமேல் இப்போது நான்கு பேருடைய கையெழுத்தில் குறிப்புகள் இருக்கின்றன. வசனம் சொல்லிக்கொடுத்தவருக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.